பெயின்ட் அடிக்காத ரேஸ் கார்

கீழ்க்கட்டளைப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, தொழிலைப் பற்றி உங்களிடம் ஏதாவது பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வெல்டிங் ராடை எந்தச் சாய்வில் பிடிப்பது, கரண்ட் எவ்வளவு வைப்பது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது கைக்கு வர வேண்டியது, காதுக்கு வந்து பயனில்லை. அதற்குப் பதிலாக, ஊரே வேடிக்கை பார்க்க நான் ஒரு ரேஸ் காருக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் கிடந்த கதையைச் சொல்கிறேன். தாராளமாகச் சிரியுங்கள். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் சிரிப்பு வராது.

எண்பதுகளின் பிற்பாதி. அப்போது எங்கள் பட்டறை பொழிச்சலூரில் இருந்தது. நானும் எத்திராஜும் கூட்டு. அளவெடுத்து, வெட்டி, பொருத்துவது நான். கேஸ் வெல்டிங் முழுக்க எத்திராஜ். ஜன்னல் கிரில், இரும்பு கேட், தள்ளுவண்டி, மாடிப்படிக் கைப்பிடி, இவைதான் எங்கள் உலகம். பக்கத்து விமான நிலையத்துக்கு விமானம் தலைக்கு மேல் இறங்கும்போதெல்லாம் பேச்சை அப்படியே நிறுத்தி, அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். எங்கள் தெருவில் புருஷன் பெண்டாட்டி சண்டைகூட அப்படித்தான் நடக்கும்.

ஒருநாள் தன் வேனுக்குள் ஐஸ் பெட்டி அடுக்க ஒரு ஸ்டாண்டு வேண்டுமென்று தனசேகர் வந்தார். கோவளம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். கரையில் மீன் எடுத்துப் பல்லாவரம், தாம்பரம் மார்க்கெட்டுகளில் கொண்டுவந்து போடுகிறவர். ஐஸ் கரைவதற்குள் வந்து சேர வேண்டும் என்று ஓட்டி ஓட்டி, பழைய மகாபலிபுரம் சாலையில் அவர் ஹாரன் கேட்டால் மாடுகள் தானாக ஒதுங்கும் என்ற அளவுக்குப் பெயர் வாங்கியிருந்தார். ஸ்டாண்டு வேலை முடிந்தது. ஆள் கிளம்பவில்லை.

"ண்ணா, கார் செய்வீங்களா?"

"நாங்க கேட் செய்யறவங்க, சேகர்."

"கேட் நிக்குது, கார் ஓடுது. அவ்ளோதானே வித்தியாசம்?"

எத்திராஜ் வாயிலிருந்து பீடியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். "மச்சான், அவரு சொல்றதும் கரீட்டாத்தான் கீது."

வருஷா வருஷம் சோழாவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடக்கும் கார் பந்தயத்தைத் தனசேகர் விடாமல் போய்ப் பார்ப்பாராம். வேலிக்கு வெளியே நின்று பார்த்தது போதும், இனி உள்ளே போக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். ஓய்ந்துபோன ஒரு டாக்சியின் இன்ஜினைப் பிரித்துப் புதுசுபோல் ஆக்கி வைத்திருந்தார். கூடவே வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு படம். அதில் காரின் இடது பக்கம் மட்டும்தான் தெரிந்தது.

"வலது பக்கம் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"அதேதான்ணா. திருப்பிப் போட்டுக்கோ."

இப்படித்தான் தொடங்கினோம். அந்த மாதிரிக் காருக்கு அடியில் கனமான சட்டம் எதுவும் கிடையாது. மெல்லிய பைப்புகளைக் கூண்டு மாதிரி சேர்த்து, அதற்குள் மனிதனையும் இன்ஜினையும் உட்கார வைப்பதுதான் வேலை. நாலு பைப்பைச் சதுரமாகச் சேர்த்தால் ஆடும், குறுக்கே ஒன்று போட்டு முக்கோணமாக்கினால் ஆடாது. கிரில் செய்து செய்து எங்களுக்குத் தெரிந்திருந்தது அது ஒன்றுதான். அதை நம்பி இறங்கினோம். தனசேகரை ஐஸ் பெட்டி மூடியின் மேல் கால் நீட்டி உட்கார வைத்து, சிமென்ட் தரையில் அவரைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டோம். அவர் ஒல்லி. கோடும் ஒல்லியாகவே வந்தது.

கூண்டு எழும்ப எழும்பத் தெருவில் பேச்சும் எழும்பியது. பக்கத்து வீட்டம்மா கோழிக்கூண்டு என்று நினைத்துத் தனக்கும் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "கோழி தப்பிச்சுடுமேம்மா, இவ்வளவு சந்து இருக்கே" என்றேன். "எங்க கோழி கொஞ்சம் குண்டு" என்றார்.

தனசேகரின் மனைவி வள்ளி பல்லாவரம் மார்க்கெட்டில் மீன் விற்பவர். வியாபாரம் முடிந்ததும் கூடையோடு நேராகப் பட்டறைக்கு வருவார். ஒரு பைப் இன்னொரு பைப்பின் மேல் இடைவெளியில்லாமல் உட்கார, அதன் நுனியை அரத்தால் அரைவட்டமாக அராவி வைத்திருந்தேன். அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவர், "இன்னாண்ணா, கெளுத்தி வாயத் தொறந்த மாதிரி கீது" என்றார். அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் அந்த வெட்டுக்குக் கெளுத்தி வாய் என்றே பெயர் நிலைத்துவிட்டது. இங்கே மூத்தவர்கள் சொல்லிக் கேட்டு நீங்கள் குழம்பியிருப்பீர்கள். வந்த வழி இதுதான்.

வள்ளிக்குக் கார் மேல் கோபம் எதுவும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான். கூண்டின் மேல் வளைவைப் பிடித்துத் தொங்கியபடி கேட்டார்.

"இது கவுந்தா எங்க வூட்டுக்காரரு நசுங்குவாரா?"

"மாட்டார்மா."

"சத்தியமா?"

நான் வாயைத் திறந்தேன், விமானம் வந்துவிட்டது. தப்பித்தோம் என்று நினைத்தேன். அந்தம்மா பிடியை விடாமல், என் முகத்தையே பார்த்தபடி அது போகும்வரை காத்திருந்து, மறுபடி கேட்டார்: "சத்தியமா?"

"சத்தியமா."

கார் முடிந்தது. சோதனை ஓட்டத்துக்கு நாவலூர்ப் பக்கம் எடுத்துப் போனார் தனசேகர். இன்று கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கும் இடம் அப்போது பனைமரமும் முள்ளுமாகக் கிடந்தது. நான் கூடப் போகவில்லை, ஒரு கல்யாண மண்டப கேட் வேலையில் இருந்தேன். கார் பட்டறைக்குத் திரும்பி வந்தபோது முழுக்கப் புதுசாக நீல பெயின்ட் அடித்துப் பளபளவென்று நின்றது.

"ஓட்டம் எப்படி?" என்றேன்.

"சூப்பர்ண்ணா. காருக்குக் கண்ணு பட்டுடப் போகுதுன்னு பெயின்ட் அட்ச்சிட்டேன்."

நல்ல பெயின்ட் என்று நானும் பாராட்டினேன். இரும்பு வேலை செய்கிறவன் பெயின்டைப் பாராட்டலாமா என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை.

சோழாவரத்தில் முதல் நாள் பரிசோதனை. அதிகாரிகள் பிரேக், பெல்ட், பெட்ரோல் மூடி எல்லாம் பார்த்து ஓகே சொன்னார்கள். பிறகு பழகுவதற்கு ஓர் ஓட்டம். தனசேகர் நன்றாகவே ஓட்டினார். வளைவுகளில் முன்னால் போகும் காரைப் பார்த்து ஹாரன் அடிக்க அவர் கை தேடியதை எத்திராஜ் கவனித்திருக்கிறான்.

மறுநாள் காலை பந்தயம். கோவளத்திலிருந்து வேன்களில் உறவும் ஊருமாக வந்து இறங்கிவிட்டார்கள். வள்ளி பெரிய டிபன் கேரியர் நிறைய வஞ்சிரம் வறுத்துக்கொண்டு வந்திருந்தார். நான் சும்மா இருக்க முடியாமல் காரைச் சுற்றி வந்தேன். வலது பின் சக்கரத்தைத் தாங்கும் தண்டு கூண்டோடு சேரும் இடத்தில், நீல பெயின்ட் மேல் பழுப்பாக ஒரு கோடு. தலைமுடி அளவுதான். துணியால் துடைத்தேன், போனது. விரலால் அழுத்தித் தேய்த்தேன், மறுபடி மெல்லக் கசிந்தது.

பெயின்ட் சும்மா வெடித்தால் வெடிப்பு மட்டும் தெரியும். உள்ளே இரும்பு வெடித்து, இரவுப் பனி இறங்கி, துரு கசிந்தால்தான் பழுப்பு வரும். பெயின்டுக்கு அடியில் பழைய துரு ஏதாவது இருந்தாலும் வரும். இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை.

தனசேகரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் காட்டிய இடத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"அது பெயின்ட் கீறல்ண்ணா."

"அராவிப் பார்த்துடலாம். பெயின்டை எடுத்தா தெரிஞ்சுடும்."

"இப்பவா? பேர் கூப்ட்டாங்கண்ணா! அங்க பாரு, வண்டிங்க போய்கினு கீது." அவர் எனக்கும் சக்கரத்துக்கும் நடுவே வந்து நின்றுகொண்டார். "ஊரே வந்துகீது. மொதல்ல ஓட்டிட்டு வரேன், அப்புறம் நீ எவ்ளோ நேரம் வேணா அராவிக்கினே இரு."

ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது. ஓட்டினாலும் ஒன்றும் ஆகாமல் திரும்பி வரலாம். வேகமாகப் போகும்போது ஒரு வளைவில் அந்தச் சக்கரம் மட்டும் தனியாகவும் போகலாம். அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும் என்றால் அவர்கள் ஓடுதளத்தின் மறுகோடியில் இருந்தார்கள். நான் ஓடிச் சேர்வதற்குள் கொடி விழுந்துவிடும். அங்கேயே வெல்டிங் போட வழியில்லை. சுற்றி எல்லாம் பெட்ரோல் கேன்கள். எத்திராஜ் என் காதருகே, "மச்சான், அந்த ஆளு இப்ப எதுவும் கேக்க மாட்டான்" என்றான்.

அது எனக்கும் தெரிந்தது. கேட்காத ஆளிடம் பேசி என்ன பயன்? தனசேகர் ஹெல்மெட் எடுக்கத் திரும்பிய அந்தக் கணத்தில், நான் கூண்டின் மேல் ஏறிக் காலை உள்ளே விட்டு அவர் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கூண்டு அவர் அளவுக்குச் செய்தது என்று சொன்னேன். என் அளவு வேறு. இடுப்பு இறங்க மறுத்தது. மூச்சை முழுக்க வெளியே விட்டு அழுத்தினேன். இறங்கியது.

தனசேகர் முதலில் சிரித்தார். "ண்ணா, இன்னா விளையாட்டு இது? எறங்குண்ணா."

"அராவிப் பார்க்காம இறங்க மாட்டேன்."

பிறகு கெஞ்சினார். பிறகு திட்டினார். கடற்கரைத் திட்டு, அதை இங்கே சொல்ல முடியாது. ஊர்க்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு பெரியவர், "இவருதான் ஓட்டப்போறாரா?" என்று கேட்க, "ஆமா, எடைக்காக" என்றான் எத்திராஜ். தொப்பி வைத்த ஓர் ஆள் ஓடிவந்து காரை வரிசையில் நிறுத்தச் சொன்னார், என்னைப் பார்த்தார், நான் வாயைத் திறப்பதற்குள் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

தனசேகர் திட்டுவதை நிறுத்தினார். ஹெல்மெட்டை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. திட்டியதைத் தாங்கிக்கொண்டேன், இதைத் தாங்க முடியவில்லை. ஒரு பெயின்ட் கீறலுக்காக ஒருத்தருடைய ஒரு வருஷ ஆசையைக் கெடுக்கிறோமோ என்று மனசு இளகிவிட்டது.

"சரி சேகர், இறங்கறேன்" என்றேன்.

எழுந்தேன். எழவில்லை.

மறுபடி மூச்சை விட்டுப் பார்த்தேன். உள்ளே போகும்போது உதவிய மூச்சு வெளியே வரும்போது உதவவில்லை. எத்திராஜ் ஒரு கையையும் தனசேகர் ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள். தோள்தான் வலித்தது. வள்ளி டிபன் கேரியரைத் திறந்து, வறுவலில் மிஞ்சியிருந்த எண்ணெயை என் இரண்டு பக்கமும் ஊற்றினார். இப்போது நான் மாட்டிக்கொண்டதோடு மசாலா வாசனையும் வர ஆரம்பித்தது. தூரத்தில் எல்லா இன்ஜின்களும் ஒரே நேரத்தில் உறுமின. கொடி விழுந்துவிட்டது. பந்தயம் எங்களை விட்டுவிட்டுப் போனது.

"ஹேக்சா குடு, பைப்ப அறுத்துடலாம்" என்றான் எத்திராஜ்.

"என் கார அறுக்காதீங்கடா!" என்று தனசேகர் குறுக்கே விழுந்தார்.

கடைசியில் ஊர்க்காரர் ஒருவர்தான் வழி சொன்னார்: படகைக் கவிழ்த்துத் தண்ணீர் கொட்டுவதுபோலக் காரைச் சாய்த்து என்னைக் கொட்டிவிடலாம். ஆளாளுக்கு இடது பக்கத்தைப் பிடித்தார்கள். சாய்ந்ததும் பெட்ரோல் மூடியிலிருந்து சொட்ட ஆரம்பித்தது. எத்திராஜ் கூட்டத்தைப் பார்த்து அலறினான்: "யோவ், சிகரெட்டு! கீழ போடு... இல்ல இல்ல, கீழ போடாத, எத்துக்கினு ஓடு!" அந்த ஆள் சிகரெட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடியதைப் பார்த்து, தனசேகர்கூடச் சிரித்துவிட்டார்.

அப்போதுதான் எடை முழுக்க வலது பின் சக்கரத்துக்கு வந்தது. டக் என்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை, பல் பிடுங்குகிற மாதிரி. சக்கரம் மடங்கி, கூண்டோடு சேர்ந்திருந்த தண்டு பிய்ந்து, கார் தரையில் உட்கார்ந்தது.

நான் வழுக்கிக்கொண்டு வெளியே வந்து விழுந்தேன். பேன்ட்டின் பின் பாக்கெட் கிழிந்து, அதிலிருந்த அளவெடுக்கும் ஸ்டீல் டேப் ஒரு பைப்பில் சிக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் என்னைப் பிடித்து வைத்திருந்தது என் இடுப்பு இல்லை, அந்த டேப்தான். வேறொரு நாளாக இருந்தால் எத்திராஜ் இதை வைத்து என்னை வருஷக்கணக்கில் வாட்டியிருப்பான். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

பிய்ந்த இடத்தை எல்லோரும் பார்த்தோம். பைப்பின் வட்டத்தில் பாதிக்கு மேல் பழுப்பாக இருந்தது, அது ஏற்கெனவே விட்டுப்போன பகுதி. வெள்ளையாக மின்னிய கொஞ்சம்தான் அன்றுவரை பிடித்துக்கொண்டிருந்தது. மனிதர்கள் மெதுவாகச் சாய்த்ததற்கே அது தாங்கவில்லை.

வள்ளி பெயின்ட் செதிலொன்றை நகத்தால் பெயர்த்தார், அடியில் சுத்தி பட்ட தழும்பு தெரிந்தது.

"யோவ். இங்க எப்ப அட்ச்ச?"

தனசேகர் தரையைப் பார்த்தபடி சொன்னார். நாவலூரில் எருமைக்கு ஒதுங்கிப் பள்ளத்தில் விட்டிருக்கிறார். தண்டு வளைந்துவிட்டது. ஊரில் படகு இன்ஜின் ரிப்பேர் செய்கிற இடத்தில் சுத்தியால் அடித்து நிமிர்த்தி, அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியக் கூடாதென்று கார் முழுக்க பெயின்ட் அடித்திருக்கிறார்.

"இவராண்ட சொன்னா மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிப்பாரு. இந்த வருஷம் போயிடும்னு பயமாப் போச்சு."

வள்ளி திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் மண்ணில் அப்படியே உட்கார்ந்து, புருஷனுடைய கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். தூரத்தில் கார்கள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. வெகு நேரம் அவர் கையை எடுக்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கிறது. அன்று காருக்குள் நான் உட்கார்ந்தது வீரம் இல்லை. எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தால் கத்தியிருப்பேன், கல்லைத் தூக்கி இன்ஜின் மேல் போட்டிருப்பேன். தெரியாததால்தான் உட்கார்ந்தேன். தனசேகரும் கெட்டவர் இல்லை. நான் நேரம் எடுத்துக்கொள்வேன் என்ற பயம்தான் அவரை மறைக்க வைத்தது. ஆகவே வாடிக்கையாளர் உடைத்துக்கொண்டு வந்தால் முதலில் முகத்தைச் சுளிக்காதீர்கள். சுளித்தால் அடுத்த தடவை பெயின்ட் அடித்துக்கொண்டு வருவார்.

கார் மறுபடி பொழிச்சலூர் வந்தது. பின்பக்கம் முழுவதையும் வெட்டிப் புதிதாகச் செய்தோம். இந்த முறை வள்ளி ஒரு நிபந்தனை போட்டார்: பெயின்ட் கூடாது. ஒரு பொட்டுக்கூட. தனசேகர் கெஞ்சிப் பார்த்தார், சாமி பெயரையாவது எழுதிக்கொள்கிறேன் என்றார். சாமிக்குத் தெரியும், எழுத வேண்டாம் என்றுவிட்டார் அந்தம்மா. துரு ஏறாமலிருக்க அவரே தேங்காய் எண்ணெய்த் துணியால் வாரம் ஒருமுறை துடைத்தார்.

அடுத்த வருஷம் சோழாவரத்தில் சிவப்பும் மஞ்சளுமாக நின்ற கார்களுக்கு நடுவே எங்களுடையது எண்ணெய் வழியும் வெற்று இரும்பாக நின்றது. பக்கத்துக் கூடாரத்து இளைஞர் ஒருவர், "இன்னும் முடிக்கலையா?" என்று அனுதாபமாகக் கேட்டார்.

பேர் கூப்பிட்டாகிவிட்டது. தனசேகர் ஹெல்மெட்டோடு உள்ளே உட்கார்ந்து, இன்ஜினை உறும விட்டுக்கொண்டிருந்தார். வள்ளி வழக்கம்போல ஒவ்வொரு இணைப்பாக விரலால் தடவிக்கொண்டே வந்தார், செவுளைத் தூக்கி மீன் பார்க்கிற அதே விரல். இடது பக்கம் கீழே ஓரிடத்தில் விரல் நின்றது.

"ண்ணா, இது இன்னா?"

குனிந்து பார்த்தேன். எத்திராஜின் வெல்டிங் வரிசையில் சின்ன மேடு. "ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லன்னு உனக்குத் தெரியுமா, தோணுதா?"

ஒலிபெருக்கி கத்தியது. மற்ற கார்கள் நகர ஆரம்பித்திருந்தன. நான் தனசேகரைப் பார்த்தேன். அவர் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார்.

அரத்தை எடுத்து அந்த மேட்டை அராவினேன். வெள்ளை இரும்பு வந்தது. துணியால் துடைத்து, வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பி, இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்தேன். கோடில்லை, துளையில்லை.

"இப்ப தெரியும்மா" என்றேன்.

வள்ளி மேல் வளைவில் ஒரு தட்டுத் தட்டினார். "போய்யா."

எல்லோரும் வரிசையில் நின்ற பிறகு கடைசியாகப் போய்ச் சேர்ந்தார் தனசேகர். ஆனால் கடைசியாக வரவில்லை. அவருக்குப் பின்னால் மூன்று கார்கள் வந்தன என்று பொழிச்சலூர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள் என்பதை எத்திராஜ்தான் எல்லோரிடமும் சொல்லிக் கெடுத்துவிட்டான்.